அடகுக் கடைக்கு எட்டாத வட்டிக் குறைப்பு

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்துவிட்டதாக மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியில் சொன்னால், அடுப்படியில் இருந்தபடியே என் அம்மா கேட்பார்: “அடகுக் கடையிலயும் கொறையுமாப்பா?” குறையாது என்பேன். “அப்புறம் யாருக்குக் கொறைச்சாங்க?” என்பார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமான பதில்.

அம்மா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். பேராக்கில் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. ஆள் குறைத்தார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை விட்டுப் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டுக்குக் கடன் கிடைத்த இடங்கள் மூன்று: மளிகைக் கடையின் கணக்குப் புத்தகம், தெருப் பெண்கள் சேர்ந்து போடும் கூட்டு (சீட்டு), அப்புறம் அடகுக் கடை. இந்த மூன்று இடத்திலும் பேங்க் நெகாரா பேச்சை யாரும் எடுத்ததில்லை. பணக் கொள்கை வருமான ஏற்றத்தாழ்வை என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் வங்கியில் இருந்து தொடங்குவார்கள். வளரும் நாட்டில் பலர் நிற்கும் இடம் வேறு. அங்கிருந்தும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் அந்த வட்டி எது என்று பார்ப்போம். வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்குக் கைமாற்றாகக் கொடுத்துக்கொள்ளும் பணத்துக்குப் பேங்க் நெகாரா குறித்து வைக்கும் விகிதம்தான் ஓபிஆர். 2004 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. பேங்க் நெகாராவின் பணக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடி அதை ஏற்றலாமா, இறக்கலாமா, அப்படியே விடலாமா என்று முடிவு செய்கிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது நான்கு தடவையாக 3.00 விழுக்காட்டில் இருந்து 1.75-க்கு இறக்கினார்கள். ஓபிஆர் வந்த நாளில் இருந்து அவ்வளவு கீழே போனதில்லை. பிறகு 2022 மே மாதம் ஏற்றத் தொடங்கி, 2023 மே மாதம் திரும்பவும் 3.00-க்குக் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது.

வங்கியில் வீட்டுக் கடன் வைத்திருப்பவருக்கு இது உடனே கைக்கு எட்டும். 200,000 வெள்ளிக் (ரிங்கிட்) கடன், 30 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 4.5 விழுக்காட்டில் இருந்து 3.25-க்கு இறங்கினால் மாதத் தவணை 1,013 வெள்ளியில் இருந்து சுமார் 870-க்கு வரும். மாதம் 140 வெள்ளிக்கு மேல் மிச்சம். கடை நடத்துபவர் என்றால் குறைந்த வட்டியில் இன்னும் கொஞ்சம் வாங்கிப் பக்கத்துக் கடையையும் பிடித்துப் போடலாம். மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதனால் வட்டிக் குறைப்பு பல லட்சம் வீடுகளுக்கு நல்ல செய்திதான். அதை நான் மறுக்கவில்லை.

அடகுக் கடைக் கணக்கு வேறு. 1972-ஆம் ஆண்டு அடகுச் சட்டப்படி நூறு வெள்ளிக்கு மாதம் இரண்டு வெள்ளி வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு 24 விழுக்காடு. ஓபிஆர் 3.50-இல் இருந்த காலத்திலும் அந்த இரண்டு வெள்ளிதான், 1.75-க்கு விழுந்த காலத்திலும் அதே இரண்டு வெள்ளிதான். ஆயிரம் வெள்ளிக்குச் சங்கிலியை வைத்து ஆறு மாதம் கழித்து மீட்டால் 120 வெள்ளி வட்டி போகும். அம்மாவின் ரெட்டை வடம் எத்தனை முறை உள்ளே போய் வெளியே வந்தது என்று கணக்குப் போட்டால் அதன் விலையை வட்டியாகவே கட்டியிருப்பார்.

உரிமம் பெற்ற வட்டிக் கடைக்கும் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. ஈடு இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடு இல்லாவிட்டால் 18. அதுவும் ஓபிஆரோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. மோட்டார் சைக்கிள் தவணை எடுத்தால் பெரும்பாலும் கையெழுத்துப் போடும் நாளிலேயே வட்டி முடிவாகிவிடும். கூட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. அதில் வட்டியை நிர்ணயிப்பது அந்த மாதம் யாருக்கு எவ்வளவு அவசரம் என்பதுதான். இது எல்லாம் கைவிட்டால் ஆலோங், அதாவது உரிமமில்லாத கந்துவட்டிக்காரர். அங்கே வட்டிக்கு வரம்பும் இல்லை, சட்டமும் இல்லை.

வங்கி ஏற்கும் ஈடு உள்ளவருக்கு மலிவான கடன், அந்த ஈடு இல்லாதவருக்கு எப்போதும் ஒரே விலையில் கொடூரமான கடன். ஆக, பேங்க் நெகாரா வட்டியைக் குறைக்கும்போது இரண்டு பேருக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. பணக்காரர் வாங்கும் கடன் இன்னும் மலிவாகிறது, ஏழை வாங்கும் கடன் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்படியென்றால் வட்டியை ஏற்றிவிட்டால் ஏழைக்கு நட்டமில்லையே என்று தோன்றும். கடனே வாங்காதவனுக்கு வட்டி ஏறினால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் வட்டி ஏற்றம் அவரைத் தேடி வங்கி வழியாக வராது, தொழிற்சாலை பஸ் வழியாக வரும்.

எங்கள் பட்டணத்தில் இருந்து விடியற்காலையில் கிளம்பும் பஸ்களில் பழைய தோட்டப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். வட்டி ஏறினால் வீடு கட்டுகிறவர் திட்டத்தைத் தள்ளிப்போடுவார், தொழிற்சாலைக்காரர் புது இயந்திரம் வாங்க மாட்டார், கடைகளில் சரக்கு மெதுவாகப் போகும். முதலாளி முதல் நாளே ஆளை நிறுத்துவதில்லை. முதலில் ஓவர்டைமை நிறுத்துவார். அது எவ்வளவு பெரிய அடி என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. மாதம் நாற்பது மணி நேரம் ஓவர்டைம் செய்பவருக்கு அதில் மட்டும் 490 வெள்ளி. அது நின்றால் வீட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். இவர் வங்கியில் ஒரு காசுகூடக் கடன் வாங்காதவராக இருக்கலாம். வீட்டுக் கடன்காரருக்கு ஏறிய தவணை 140 வெள்ளி. இவர் இழந்தது 490.

என் பேச்சின் மையம் இதுதான். வட்டி இறங்கும்போது அந்த நன்மை ஈடு இருப்பவரோடு நின்றுகொள்கிறது. வட்டி ஏறும்போது அந்தச் சுமை, ஈடு இல்லாதவரிடமும் வேலை வழியாக வந்து சேர்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கனம் இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பன்னாட்டு நாணய நிதியம் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில் ஃபுர்செரி, லுங்கானி, ஸ்தியெனிட்ஸ்கா என்ற மூவர், முன்னேறிய நாடுகளும் வளரும் நாடுகளுமாக 32 நாடுகளின் 1990 முதல் 2013 வரையிலான விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பாராத வட்டி ஏற்றம் வருமான ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது, ஏற்றம் கூட்டும் அளவுக்கு இறக்கம் குறைப்பதில்லை என்று கண்டார்கள். உழைப்பின் பங்கு அதிகமாக இருக்கும் நாடுகளிலும், வரி வாங்கி ஏழைக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு குறைவாக இருக்கும் நாடுகளிலும் அடி இன்னும் பலமாக விழுகிறது. வளரும் நாடுகள் பலவற்றிலும் இந்த இரண்டாவது ஏற்பாடு மெலிந்துதான் கிடக்கிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் வளர்ந்து, அதன் காரணமாக வட்டி ஏறினால் ஏற்றத்தாழ்வு கூடுவதில்லை, குறையவும் செய்கிறது. வேலை பெருகும் காலத்தில் ஏறும் வட்டியும், நாணயம் சரிகிறது என்ற பதற்றத்தில் ஏற்றும் வட்டியும் ஒரே எண்ணாக இருக்கலாம். தொழிலாளிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

சரி, அப்போது வட்டியை எப்போதும் கீழேயே வைத்திருந்தால்? அதிலும் ஏழைதான் மாட்டிக்கொள்வார். விலைவாசி ஏறினால் பணக்காரரிடம் நிலம் இருக்கிறது, பங்கு இருக்கிறது, பொருளோடு சேர்ந்து அவற்றின் மதிப்பும் ஏறும். ஏழையிடம் இருப்பது கையில் உள்ள காசும் மாதச் சம்பளமும்தான். வில்லியம் ஈஸ்டர்லி, ஸ்டான்லி ஃபிஷர் இருவரும் 38 நாடுகளில் 30,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து 2001-இல் எழுதினார்கள்: விலை ஏற்றத்தை நாட்டின் பெரிய கவலை என்று சொல்வது பணக்காரரைவிட ஏழைதான். எங்கள் மளிகைக் கடையில் ஒரு சனிக்கிழமை காலை நின்றால் இது விளங்கிவிடும். 2022-இல் மலேசியாவில் பொதுவான விலை ஏற்றம் 3.3 விழுக்காடு, உணவுப் பொருள் விலை ஏற்றம் 5.8 விழுக்காடு. சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகும் வீட்டுக்கு முதல் எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் வாழ்ந்தது இரண்டாவது எண்ணில்.

இங்கேதான் வளரும் நாட்டு மத்திய வங்கியின் கை கட்டப்பட்டிருக்கிறது. உணவு விலை ஏறுவது பெரும்பாலும் ஊரில் பணம் அதிகம் புழங்குவதால் அல்ல. 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி, மலேசியாவுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியில் இருந்து 3,200-க்கு உயர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியது. இதில் ஓபிஆர் என்ன செய்ய முடியும்? வட்டியை ஏற்றினால் வயலில் நெல் கூடுதலாக விளைந்துவிடாது. சாம்பாருக்குத் துவரம் பருப்பும் பெரிய வெங்காயமும் காய்ந்த மிளகாயும் கடல் தாண்டி வரவேண்டிய சமையலறைகள் எங்களுடையவை. எங்களுக்கு விலை ஏற்றம் என்பது கொஞ்சம் வானிலை, கொஞ்சம் இன்னொரு நாட்டின் அரசியல், மீதி வெள்ளியின் மதிப்பு.

வெள்ளியின் மதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தாழ்வு எங்கள் தெருவிலேயே கண்ணால் பார்க்கும்படி நடந்தது அதில்தான். அமெரிக்க மத்திய வங்கி 2023 ஜூலையில் தன் வட்டியை 5.25-க்கும் 5.50-க்கும் இடையே கொண்டு போய் நிறுத்தியது. இங்கே 3.00. பெரிய பணம் வைத்திருப்பவர் வட்டி அதிகம் கிடைக்கும் பக்கம் பணத்தைக் கொண்டு போவார், அது இயற்கை. 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலர் ஏறத்தாழ 4.80 வெள்ளிக்கு வந்தது. 1998-க்குப் பிறகு அவ்வளவு பலவீனமாக இருந்ததில்லை. சிங்கப்பூர் டாலர் மூன்றரை வெள்ளியைத் தொட்டது.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பையன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. மாதம் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினால் வீட்டில் மூவாயிரத்து ஐந்நூறு. அந்த ஆண்டு அவர்கள் வீட்டு முன்புறம் தகரக் கூரை போய் ஓடு வந்தது. அடுத்த வீட்டு அக்கா பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அவருக்குச் சம்பளம் அதே வெள்ளி, ஆனால் வெங்காயம் வேறு விலை. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்கியதில் அவர்கள் உழைப்புக்குப் பங்கு கொஞ்சம்தான். நாணய மாற்று விகிதத்துக்கு நிறையப் பங்கு இருந்தது.

செம்பனையிலும் இதே கதை. எண்ணெய் உலகச் சந்தைக்குப் போகும் சரக்கு, அதனால் வெள்ளி பலவீனமானால் கம்பெனிக்கு வருமானம் கூடும். 2022 மார்ச்சில் பாமாயில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். குலை வெட்டுகிறவர் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. இன்று அந்தக் கூலியில் பெரும் பங்கு வாங்குபவர்கள் இந்தோனேசியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் வந்தவர்கள். வெள்ளி விழும்போது அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணமும் சுருங்குகிறது. நம் தாத்தா பாட்டி நின்ற இடத்தில்தான் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் தோட்டத்தின் ஏற்றத்தாழ்வைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தினார். 1981-இல் அது 20 விழுக்காட்டை ஒட்டிப் போனது. உலகம் மந்தமாகி, கார் விற்பனை படுத்து, டயருக்குக் கித்தா வாங்குபவர் குறைந்தார்கள். அப்போது மரம் வெட்டுகிறவர் சம்பளம் கித்தா விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும். 1982-இல் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்ததைப் பாடப்புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. காலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போனவர்களின் சம்பளச் சீட்டை அவை சொல்வதில்லை. 1985-இல் மலேசியப் பொருளாதாரமும் சுருங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வெள்ளீயச் சந்தை விழுந்து, ஈயச் சுரங்கங்களை நம்பியிருந்த கிந்தா பள்ளத்தாக்கே அடங்கிப் போனது.

1998-இல் வேறு விதம். வெள்ளியைக் காப்பாற்ற அந்த ஆண்டு பிப்ரவரியில் பேங்க் நெகாரா தன் வட்டியை 11 விழுக்காட்டுக்குக் கொண்டு போனது. தொழில்கள் திணறின. செப்டம்பர் 2-ஆம் தேதி டாலருக்கு 3.80 என்று வெள்ளியைப் பூட்டி, மூலதனம் வெளியே ஓடாமல் தடுத்து, வட்டியை இறக்கினார்கள். பக்கத்து இந்தோனேசியாவில் அதே ஆண்டு மத்திய வங்கிப் பத்திர வட்டி 70 விழுக்காட்டைத் தொட்டது. மலேசியா எடுத்த வழியைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வட்டி சீக்கிரம் இறங்கியதால் வேலைகள் ஓரளவு பிழைத்தன என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் சேமிப்பு. தோட்டத் தொழிலாளி குடும்பத்தில் சொத்து என்று சொல்ல இருப்பது ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஒன்றுதான். பெருந்தொற்றுக் காலத்தில் கடன் தவணை கட்ட ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். வங்கிக் கடன் இருந்தவர் மூச்சு விட்டார். வங்கிகள் கொடுத்த அந்த அவகாசம் அடகுக் கடைக்கும் மளிகைக் கணக்குக்கும் பொருந்தவில்லை. அங்கே கடன் வாங்கியவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது அவர்களுடைய சொந்த ஈபிஎஃப் காசு. 2020-இல் இருந்து 2022 வரை மக்கள் எடுத்த தொகை மொத்தம் 145 பில்லியன் வெள்ளி. எடுக்காமல் இருக்க முடிந்தவருக்கு 2024-இல் 6.30 விழுக்காடு லாப ஈவு வந்தது. எடுத்துச் சாப்பிட்டவருக்கு ஈவு விழ முதலே இல்லை. முதியவர் ஒருவர் தன் கணக்கில் இருந்த நான்கு இலக்கத் தொகையைக் கைப்பேசியில் என்னிடம் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அது முப்பது ஆண்டு உழைப்பு.

மலேசியாவின் ஏற்றத்தாழ்வு நீண்ட காலத்தில் குறைந்துதான் இருக்கிறது. ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி அளவு (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சமத்துவம் கூடும்) 1970-இல் 0.513, 2022-இல் 0.404. அதைக் குறைத்தது வட்டி அல்ல. பள்ளிக்கூடம், நிலத் திட்டங்கள், தொழிற்சாலை வேலை, பிந்தி வந்த குறைந்தபட்சச் சம்பளம் ஆகியவைதான் குறைத்தன. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கிய அந்தச் சம்பளம் தோட்டப்புறத்துக்குச் செய்ததை எந்த ஓபிஆர் மாற்றமும் செய்யவில்லை. 2009-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் பணக் கொள்கைக்குக் கொடுத்த வேலை விலைவாசியை நிலையாக வைப்பது, அதைச் செய்யும்போது பொருளாதார வளர்ச்சியையும் கவனிப்பது. ஏற்றத்தாழ்வைத் தீர்க்க அதனிடம் கேட்பது தையல்காரரிடம் வீடு கட்டச் சொல்வது மாதிரி. ஆனால் வட்டியை ஏற்றும் நாளில் யாருடைய ஓவர்டைம் போகும் என்று கேட்கலாம். 1972-இல் எழுதிய மாதம் இரண்டு வெள்ளி இன்னும் ஏன் இரண்டு வெள்ளி என்று நாடாளுமன்றத்தைக் கேட்கலாம். ஈடு இல்லாதவருக்கு முறையான கடன் போய்ச் சேர்ந்தால்தான் வட்டிக் குறைப்பும் போய்ச் சேரும்.

இதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அறுபது ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள், தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். தோட்டத்தை வாங்கப் பணம் கொடுக்க எந்த வங்கியும் மரம் வெட்டுகிறவரை நம்பாது. சுங்கை சிப்புட்டில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸின் அந்நாளைய தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தொழிலாளிகளின் பணத்தில் வாங்கினார்கள். பிறகு இன்னும் பல தோட்டங்கள். தனியாக ஒருவரிடமும் ஈடு இல்லை, எல்லாருடைய பத்து வெள்ளியும் சேர்ந்தபோது அது ஈடாக நின்றது.

எங்கள் தாத்தாவும் அதில் பங்கு எடுத்திருந்தார். அந்தப் பங்குச் சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடகுச் சீட்டுகளோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். சீட்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். சான்றிதழ் மட்டும் அப்படியே அடியில் கிடக்கிறது.